ரங்கநாதன் தெரு: ஒரு கடையே தெருவான கதை

தீபாவளிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை மாலையில் சென்னை தியாகராய நகர் ரங்கநாதன் தெருவுக்குள் போனவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். அங்கே யாரும் நடக்கத் தேவையில்லை. பின்னால் வருகிற கூட்டமே தள்ளிக்கொண்டு போய் மறுமுனையில் விட்டுவிடும்! மாம்பலம் ரயில் நிலையத்தில் தொடங்கி தெற்கு உஸ்மான் சாலையில் முடிகிற, சில நூறு மீட்டர் நீளமே உள்ள சின்னத் தெரு அது. இரண்டு பக்கமும் அண்ணாந்து பார்க்க வைக்கும் கட்டடங்கள். நடுவில் தரையே தெரியாது, தலைகள்தான் தெரியும்.

இந்தத் தெருவைப் பற்றிப் பழைய மாம்பலத்துக்காரர்களிடம் பேச்சுக் கொடுத்தால் பெரும்பாலும் ஒரே கதைதான் வரும். "அப்போதெல்லாம் சின்னச் சின்னக் குடும்பக் கடைகள்தான் இருந்தன. கடைக்காரருக்கு நம்ம வீட்டில் எல்லோரையும் தெரியும். அப்புறம் பெரிய கடைகள் வந்தன. எல்லாம் போச்சு."

இதில் பாதி உண்மை. மற்ற பாதி கொஞ்சம் சிக்கலானது. ஏனென்றால் அந்தப் பெரிய கடை எங்கிருந்தோ வந்து இறங்கவில்லை. அதுவும் ஒரு குடும்பக் கடைதான். இதே தெருவில் சின்னதாகத் தொடங்கிய கடைதான். குடும்பக் கடைகளை விழுங்கியது இன்னொரு குடும்பக் கடை என்பதுதான் இந்தத் தெருவின் வரலாறு. அது எப்படி நடந்தது என்று பார்க்க, கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

1920களுக்கு முன்பு தி.நகர் என்ற ஊரே கிடையாது. நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டைப் பக்கம் வரை நீண்டு கிடந்த ஒரு பெரிய ஏரிதான் இருந்தது. ஆங்கிலேயர்கள் அதை லாங் டேங்க் என்றார்கள். 1920களில் சென்னை நகரம் நெருக்கடியால் பிதுங்கியபோது அந்த ஏரியை வற்றவைத்து, மனை பிரித்து, ஒரு புறநகரை உருவாக்கினார்கள். மேற்கு மாம்பலத்தில் இன்றும் லேக் வியூ ரோடு என்று ஒரு தெரு இருக்கிறது. லேக்கும் இல்லை, வியூவும் இல்லை. பெயர் மட்டும் மிச்சம்!

அப்போது ஆட்சியில் இருந்தது நீதிக்கட்சி. அதனால் புதிய ஊர் முழுக்க அந்தக் கட்சிக்காரர்களின் பெயர்கள். ஊருக்குப் பிட்டி தியாகராயச் செட்டியார் பெயர். பூங்காவுக்கு முதலமைச்சராக இருந்த பனகல் அரசர் பெயர். பெரிய சாலைக்கு முகமது உஸ்மான் பெயர். பாண்டி பஜார் என்று எல்லோரும் சொல்லும் கடைவீதிக்கு டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியனார் பெயர். (இந்த நாடார் தலைவரின் பெயர் இங்கே எதற்கு என்று நினைக்க வேண்டாம். நாடார்கள் இந்தக் கதையில் மறுபடி வருவார்கள்.)

புது ஊருக்கு முதலில் குடிவந்தவர்கள் பெரும்பாலும் அலுவலக உத்தியோகஸ்தர்கள், வக்கீல்கள், ஆசிரியர்கள். வேலை ஜார்ஜ் டவுன் பக்கம், வீடு மாம்பலத்தில். 1931-ல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கியதும் இந்த வாழ்க்கை சுலபமாகிவிட்டது. ரங்கநாதன் தெருவின் தலைவிதியும் அப்போதே எழுதப்பட்டுவிட்டது என்று சொல்லலாம். சாயங்காலம் ரயிலை விட்டு இறங்குகிறவர் வீட்டுக்குப் போகும் வழி அது. போகும் வழியில் காய்கறி, காபிப்பொடி, பூ, வெற்றிலை, பையனுக்கு ஒரு நோட்டுப் புத்தகம் எல்லாம் வாங்க வேண்டியிருக்கும். முதலில் வீடுகள் நிறைந்த தெருவாகத்தான் இருந்தது. திண்ணை வைத்த வீடுகளின் முன்பகுதி ஒவ்வொன்றாகக் கடையாக மாறியது.

அன்றைய கடைகளில் சில பெயர்கள் இன்றும் எல்லோருக்கும் தெரிந்தவை. காஞ்சிபுரத்து நெசவாளர் குடும்பத்தைச் சேர்ந்த நல்லி சின்னசாமி செட்டி 1928-ல் தி.நகரில் பட்டு வியாபாரத்தைத் தொடங்கினார். 1929-ல் தொடங்கிய லிட்டில் ஃப்ளவர் கம்பெனியின் முகவரி ரங்கநாதன் தெருதான். லிஃப்கோ என்றால் உடனே புரியும். அந்த ஆங்கிலம்-தமிழ் அகராதியைப் புரட்டாமல் பள்ளிக்கூடம் முடித்தவர்கள் ஒரு காலத்தில் ரொம்பக் குறைவு. பாத்திரமும் துணியும் மட்டுமே நினைவுக்கு வரும் தெருவிலிருந்துதான் தமிழ்நாட்டு வீடுகளுக்கு அகராதி போயிருக்கிறது!

பெயர் தெரியாமல் போன கடைகள்தான் அதிகம். அவற்றில் மளிகைக் கடைதான் மையம்.

அந்த மளிகைக் கடைக்குள் வாடிக்கையாளர் நுழைய முடியாது. வெளியே நின்று கேட்க வேண்டும். முன்னால் வாய் திறந்த சாக்கு மூட்டைகளில் அரிசியும் பருப்பும் இருக்கும். மேலே தொங்கும் நூல்கண்டிலிருந்து நூல் இறங்கிக்கொண்டே இருக்கும். பழைய செய்தித்தாளைக் கூம்பாகச் சுருட்டி, சீரகத்தைக் கொட்டி, மேல்பக்கத்தை மடக்கி, நூலை நான்கு சுற்றுச் சுற்றி விரலாலேயே அறுத்துப் பொட்டலம் கட்டுவது ஒரு தனிக் கலை. கட்டிக் கொடுத்த பிறகு சின்னப் பையன்கள் நகராமல் நிற்பார்கள். கொசுறுக்காகத்தான்! ஒரு துண்டு வெல்லமோ, நாலு பொட்டுக்கடலையோ கையில் விழுந்த பிறகுதான் ஓட்டம்.

1957 ஏப்ரலில் நயா பைசா வந்தபோது இந்தக் கடைகள் பட்ட பாடு தனிக்கதை. ரூபாய்க்குப் பதினாறு அணா என்று இருந்தது ரூபாய்க்கு நூறு பைசா என்று ஆனது. ஓர் அணாவுக்குக் கணக்குப்படி ஆறேகால் பைசா. கால் பைசாவுக்கு எங்கே போவது? ஆறு பைசா என்றால் ஒருவருக்கு நஷ்டம், ஏழு என்றால் இன்னொருவருக்கு நஷ்டம். அந்தப் பேச்சு ஓய்வதற்குள் வீசையும் பலமும் போய் கிலோவும் கிராமும் வந்தன. புது எடைக்கற்களை நம்பாமல் பழைய கணக்கிலேயே விலை கேட்ட பாட்டிமார்களுக்குப் பொறுமையாக விளக்கிச் சொன்னது கடைக்காரர்கள்தான்.

கடன் நோட்டைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கடைகளின் கதை முடியாது. ஒன்றாம் தேதி மாதச் சாமான் லிஸ்ட் கடைக்குப் போகும். கடைப்பையன் சைக்கிளில் மூட்டை கட்டிக் கொண்டுவந்து இறக்குவான். நடுவில் வாங்கியதெல்லாம் நோட்டில் ஏறும். சம்பளம் வந்ததும் கணக்குத் தீர்ப்பார்கள். இதைத்தான் இன்று "அந்தக் கால நம்பிக்கை" என்று சிலாகிக்கிறார்கள். நம்பிக்கைதான். ஆனால் அது மாதச் சம்பளக்காரர்கள் மேல் வைத்த நம்பிக்கை. தினக்கூலிக்கு வேலை செய்தவருக்கு நோட்டு அவ்வளவு சுலபமாகத் திறந்ததில்லை. அவர் அன்றன்றைக்குக் கால் படி, அரைப் படி என்று சில்லறையாக வாங்கி, அதற்கு அதிக விலையும் கொடுத்தார். போதாததற்கு, நோட்டு வைத்திருந்தவர்களின் வீட்டு ரகசியமெல்லாம் கடைக்காரருக்கு அத்துப்படி. யார் வீட்டில் விருந்தாளி, யார் வீட்டில் இந்த மாதம் சர்க்கரை குறைந்தது என்று நோட்டே சொல்லிவிடும். எல்லோரையும் தெரியும் என்பதற்கு இப்படியும் ஒரு பக்கம் உண்டு.

இப்போது அந்த சைக்கிள் பையனிடம் வரலாம். இந்தக் கதையின் உண்மையான நாயகன் அவன்தான்.

அவன் பெரும்பாலும் தென்மாவட்டத்திலிருந்து வந்தவன். திருநெல்வேலி, தூத்துக்குடி, திருச்செந்தூர், விருதுநகர் பக்கத்துக் கிராமங்கள். அங்கே பனைமரத்தை நம்பி வாழ்ந்த நாடார் சமூகத்தினர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வியாபாரத்துக்குள் நுழைந்த விதம் தமிழ்நாட்டு வரலாற்றில் முக்கியமானது. கோயிலுக்குள் நுழைய முடியாது, பொதுவழியில் தடை என்று சாதி பல வாசல்களை அடைத்திருந்த காலம் அது. அவர்கள் உறவின்முறை என்று ஊர் ஊராகச் சேர்ந்தார்கள். விற்பனையில் ஒரு சிறு பங்கை மகமை என்று பொதுநிதிக்கு ஒதுக்கினார்கள். அந்தப் பணத்தில் கிணறு, சத்திரம், பள்ளிக்கூடம் வந்தன. 1910-ல் நாடார் மகாஜன சங்கம், 1921-ல் தூத்துக்குடியில் நாடார் வங்கி. (1962-ல் அதுதான் தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி என்று பெயர் மாறியது.)

இந்த ஏற்பாட்டின் கடைசிக் கண்ணிதான் கடைப்பையன். ஊரில் பத்துப் பன்னிரண்டு வயதில் படிப்பு நின்றதும், மெட்ராஸில் கடை வைத்திருக்கும் மாமாவிடமோ சித்தப்பாவிடமோ ஒன்றுவிட்ட அண்ணனிடமோ ரயிலேற்றி விடுவார்கள். கடையிலேயே சாப்பாடு, கடையிலேயே படுக்கை. சாக்குகளுக்கு நடுவில் பாயை விரித்துக்கொள்ள வேண்டியதுதான். விடிவதற்குள் எழுந்து கொத்தவால் சாவடிக்குப் போக வேண்டும். இரவு பத்து மணிக்குக் கடை சாத்திய பிறகு கணக்கு. சம்பளம் என்று கையில் அதிகம் கிடைக்காது. அது முதலாளியிடமே சேர்ந்துகொண்டிருக்கும். அடியும் திட்டும் தாராளமாகக் கிடைக்கும்.

ஆனால் இதற்கு ஒரு முடிவு இருந்தது. பத்து வருடமோ பன்னிரண்டு வருடமோ கழித்து, சேர்ந்த சம்பளத்தை மொத்தமாகக் கொடுத்து, கொஞ்சம் சரக்கையும் கடனாகக் கொடுத்து, நகரத்தின் இன்னொரு மூலையில் அவனுக்குத் தனிக்கடை வைத்துக் கொடுப்பார்கள். கொள்முதல் எங்கே, எந்தப் பருப்பில் கல் அதிகம், யாருக்குக் கடன் கொடுக்கலாம் எல்லாம் அதற்குள் அவனுக்குப் பாடம். அடுத்த வருடம் அவனிடம் ஊரிலிருந்து ஒரு பையன் வந்து சேர்வான். நேற்றுவரை "ஏலே" என்று கூப்பிடப்பட்டவன் அன்றிலிருந்து அண்ணாச்சி! சென்னைப் புறநகர்களில் தெருவுக்குத் தெரு அண்ணாச்சி கடை முளைத்தது இந்த வழியில்தான். எல்லோருக்கும் இப்படி நடந்ததா என்றால் இல்லை. ஏமாற்றப்பட்டவர்களும் ஊருக்கே திரும்பியவர்களும் இருந்தார்கள். ஆனால் பாதை இருந்தது.

திருச்செந்தூர் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து யோகரத்தினம், ராஜரத்தினம், செல்வரத்தினம் என்ற மூன்று சகோதரர்கள் சென்னைக்கு வந்ததும் தென்மாவட்டத்துக்காரர்கள் வந்த இதே வழியில்தான். 1970-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அவர்கள் ரங்கநாதன் தெருவில் நடத்திய சிறிய கடைதான் பின்னாளில் சரவணா ஸ்டோர்ஸ். சொந்த ஊர்ப்பக்கத்து முருகன் பெயர்.

அவர்கள் கையில் எடுத்தது எவர்சில்வர் பாத்திரம். சரியான நேரம் அது. அதுவரை வீடுகளில் பித்தளைதான். பித்தளையைப் புளி போட்டுத் தேய்க்க வேண்டும், அவ்வப்போது ஈயம் பூச வேண்டும். எவர்சில்வருக்கு இரண்டும் தேவையில்லை. பரணில் இருந்த பித்தளை அண்டாக்கள் எடைக்குப் போய், எவர்சில்வர் குடங்கள் வீட்டுக்கு வந்தன. தெருவில் ஈயம் பூசுகிறவர்களின் குரல் மெல்ல மெல்லக் குறைந்தது. பாத்திரக் கடையில் வாங்கியதும் பெயர் வெட்டித் தருவார்கள். பாட்டி வீட்டு டம்ளரை அடுத்த முறை கொஞ்சம் திருப்பிப் பாருங்கள். கல்யாணத் தேதியோ, கிரகப்பிரவேசத் தேதியோ, யார் யாருக்குக் கொடுத்தார்கள் என்பதோ புள்ளி புள்ளியாக இருக்கும். கடை ஆவணங்கள் எதுவும் மிஞ்சாவிட்டாலும் இந்த டம்ளர்கள் மிஞ்சியிருக்கின்றன.

குறைந்த லாபம், அதிக விற்பனை. இதுதான் சூத்திரம். பக்கத்துக் கடை பத்துக் குடம் விற்று எடுக்கும் லாபத்தை நூறு குடம் விற்று எடுப்பது. அதற்கு லாரி லாரியாகக் கொள்முதல் செய்ய வேண்டும். அப்படி வாங்கினால் விலை இன்னும் குறையும். குறைந்தால் கூட்டம் இன்னும் வரும். பாத்திரத்துக்குப் பிறகு துணி, நகை, மளிகை, மின்சாதனம் என்று ஒவ்வொரு கட்டடமாகப் பரவியது.

இதற்கு அரசாங்கமும் தெரியாமலே ஓர் உதவி செய்தது. 1990-ல் பொட்டலப் பொருள்கள் மேல் எல்லா வரியும் உட்பட அதிகபட்ச விலையை அச்சிட வேண்டும் என்று விதி வந்தது. அதுவரை வரியெல்லாம் சேர்த்து சோப்பு என்ன விலை என்று கடைக்காரரைத்தான் கேட்க வேண்டியிருந்தது. இப்போது சோப்பே சொல்லியது! அச்சிட்ட விலைக்கும் குறைவாகக் கொடுக்கும் கடை எது என்று கண்ணாலேயே பார்த்துவிடலாம். வாடிக்கையாளரை ஏமாற்றாமல் காப்பதற்கு வந்த விதிதான். ஆனால் சின்னக் கடைக்காரரின் பேச்சுச் சாமர்த்தியத்துக்கு அன்றோடு மதிப்புக் குறைந்தது. கொசுறை எம்.ஆர்.பி. வென்றுவிட்டது.

பழைய கடைகள் எப்படிப் போயின? "நசுக்கப்பட்டன" என்று ஒரே வார்த்தையில் சொல்வது நியாயமில்லை. இடம் சொந்தமாக இருந்த குடும்பங்களுக்கு ஒரு கட்டத்தில் கடையை விடக் கடை நின்ற மனைக்கு மதிப்பு அதிகமாகிவிட்டது. பிள்ளைகள் இன்ஜினியரிங் படித்து வெளிநாடு போய்விட்டார்கள். காலையிலிருந்து இரவு வரை கல்லாவில் உட்கார ஆள் இல்லை. நல்ல விலைக்கு விற்றுவிட்டு, அமைதியான இடத்தில் வீடு வாங்கிக்கொண்டு போனார்கள். இவர்கள் தோற்றவர்கள் அல்ல. உண்மையில் தோற்றது வாடகைக்கு இருந்தவர்கள்தான். தையல்காரர், புத்தகம் பைண்டு செய்பவர், கடிகாரம் ரிப்பேர் செய்பவர். மாடிப்படிக்கு அடியில் நாலடிக்கு நாலடி இடத்தில் ஒரு குடும்பத்தைக் காப்பாற்றியவர்கள். மனை கைமாறியபோது இவர்கள் கைக்கு வந்தது அதிகமில்லை. பழைய தெருவைப் பற்றிய நினைவுகளில் இவர்கள் பெயர் வருவதும் இல்லை.

கட்டடங்கள் உயர்ந்தன. அனுமதி இரண்டு மாடிக்கு இருந்தாலும் ஆசைக்கு மாடிக்கணக்கு கிடையாதே! விதிமீறிய கட்டடங்களைப் பணம் கட்டி முறைப்படுத்தும் திட்டங்களும், அவற்றை எதிர்த்த வழக்குகளும் ஆண்டுக்கணக்கில் நடந்தன. 2008 செப்டம்பரில் தெருவின் பெரிய கடை ஒன்றில் தீப்பிடித்து இரண்டு பணியாளர்கள் இறந்தார்கள். 2011 அக்டோபர் கடைசி நாளில் அதிகாரிகள் வந்து ரங்கநாதன் தெருவிலும் உஸ்மான் சாலையிலும் பல கட்டடங்களுக்கு சீல் வைத்தார்கள். பொங்கல் நெருங்கிய 2012 ஜனவரியில் உச்ச நீதிமன்றத்தின் இடைக்கால உத்தரவால் அவை திறந்தன. கூட்டம் எதுவுமே நடக்காதது போலத் திரும்பி வந்தது.

அந்த மாடிகளில் நின்றவர்கள் யார்? அதே திருநெல்வேலி, தூத்துக்குடி, விருதுநகர்ப் பையன்கள். இம்முறை பெண்களும். விடுதியில் படுக்கை, வரிசையில் சாப்பாடு, நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை. வசந்தபாலன் 2010-ல் எடுத்த "அங்காடித் தெரு" படம் வந்த பிறகுதான் சேலை விரித்துக் காட்டும் கைகளுக்குப் பின்னால் ஒரு முகம் இருப்பது பலருக்கு உறைத்தது. பதினொரு வருடம் கழித்து, 2021-ல், கடைப் பணியாளர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று 1947-ஆம் ஆண்டுக் கடைகள் சட்டத்தைத் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் திருத்தியது. கேரளம் 2018-லேயே செய்திருந்தது. உட்காருவதற்கு ஒரு சட்டம்!

சாக்குகளுக்கு நடுவில் படுத்த பழைய கடைப்பையனும் சொகுசாக இருந்துவிடவில்லை. அவனும் நின்றான், அடி வாங்கினான். வேலை நேரத்தை மட்டும் பார்த்தால் பெரிய வித்தியாசம் சொல்ல முடியாது. வித்தியாசம் வேறிடத்தில் இருக்கிறது. பத்து வருடம் பொட்டலம் கட்டியவனுக்கு ஒரு கடை நடத்தத் தெரியும். பத்து வருடம் மூன்றாவது மாடியில் சுடிதார் பிரிவில் நின்றவருக்குச் சுடிதார் மடிக்கத் தெரியும். கொள்முதல் அவர் கண்ணில் படுவதில்லை, கணக்கு கம்ப்யூட்டரில். அவருக்குக் கடை வைத்துக் கொடுக்கும் வழக்கமும் இல்லை. கொடுத்தாலும் அந்தத் தெருவில் எங்கே வைப்பது? முதலாளி ஏறிவந்த ஏணி, முதலாளி மேலே போன பிறகு அங்கே இல்லை.

சகோதரர்களின் வாரிசுகள் பிரிந்து, சரவணா செல்வரத்தினம், சூப்பர் சரவணா, லெஜண்ட் சரவணா என்று தனித்தனிப் பலகைகள் வந்தன. லெஜண்ட் சரவணன் தன் கடை விளம்பரத்தில் தானே நடித்து, 2022-ல் திரைப்படக் கதாநாயகனாகவே ஆனார். பழைய மாம்பலத்துக் கடைக்காரர்கள் யாரும் இதை எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

2023 மே மாதம் மாம்பலம் ரயில் நிலையத்திலிருந்து தி.நகர் பேருந்து நிலையம் வரை அரைக் கிலோமீட்டருக்கும் மேல் நீளமான ஆகாய நடைபாதை திறக்கப்பட்டது. ரயிலை விட்டு இறங்குகிறவர் ரங்கநாதன் தெருவுக்குள் கால் வைக்காமலே போய்விடலாம். அந்தத் தெருவை உண்டாக்கியதே ரயிலை விட்டு இறங்கியவர்கள்தான் என்பதை நினைத்தால் கொஞ்சம் வேடிக்கையாக இருக்கும். இருந்தாலும் தீபாவளிக்கூட்டம் கீழேதான் போகிறது.

அண்ணாச்சி மளிகைக் கடைகளும் ஒரேயடியாக ஒழிந்துவிடவில்லை. குரோம்பேட்டை, மடிப்பாக்கம் என்று இன்னும் தள்ளிப்போன புறநகர்களில் இருக்கின்றன. நூல்கண்டு போய் பாலித்தீன் வந்து, கல்லாவுக்கு மேல் கியூஆர் அட்டை தொங்குகிறது. தென்மாவட்டத்துப் பையன்கள் இப்போது கல்லூரிக்குப் போகிறார்கள், கடைக்கு வருவது குறைந்துவிட்டது. மூட்டை தூக்குபவர்கள் பல கடைகளில் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்கள். தமிழ் எண்களை வேகமாகக் கற்றுக்கொள்கிறார்கள். கல்லாவில் இருப்பவரை அவர்களும் "அண்ணாச்சி" என்று கூப்பிடுவதைக் கேட்கலாம்.